ஸ்கேன் நார்மல் என்றால் வலி பொய்யா? ஒற்றைத் தலைவலி பற்றி ஒரு விரிவான பதில்

பேரணாம்பட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அக்காவுக்கு 31 வயது. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே மாதம் நான்கைந்து தடவை வலது பக்கத் தலை விண்விண்ணென்று தெறிக்கும், வாந்தி வரும், இருட்டறையில் படுத்துவிடுவார். இந்த ஒரு வருடமாகத் தினமுமே ஏதோ ஒரு வலி இருக்கிறது. கண்ணாடி மாற்றியாயிற்று, சைனஸுக்கு மருந்து சாப்பிட்டாயிற்று, கடைசியில் தலை ஸ்கேனும் எடுத்தாயிற்று. ஸ்கேன் நார்மல். "ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான்" என்று புகுந்த வீட்டில் பேச்சு. உண்மையில் இது என்ன, சரியாகுமா என்பது கேள்வி.

தம்பி, நான் டாக்டர் இல்லை. பி.பார்ம் படித்துவிட்டுக் காட்பாடியில் 24 வருடமாக மருந்துக்கடை நடத்துகிறேன். அதோடு, 16 வயதிலிருந்து எனக்கே இந்தத் தலைவலி இருக்கிறது. என் அம்மாவுக்கும் இருந்தது. அதனால் கவுன்டருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பார்த்ததைச் சேர்த்துச் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அக்காவுக்கு இருப்பது ஒற்றைத் தலைவலி, அதாவது மைக்ரேன் என்றுதான் தோன்றுகிறது. ஒரு வருடமாகத் தினமும் வலிப்பதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கலாம். அதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். வேறு எதைப் படிக்காவிட்டாலும் அந்தப் பகுதியை அக்காவையே படிக்கச் சொல்லுங்கள்.

முதலில் ஸ்கேன் விஷயம். ஸ்கேன் மூளையின் உருவத்தைக் காட்டுகிற படம். கட்டி இருக்கிறதா, ரத்தம் கசிந்திருக்கிறதா, நீர் கோத்திருக்கிறதா என்று அதில் தெரியும். மைக்ரேன் என்பது மூளை வேலை செய்கிற விதத்தில் வருகிற கோளாறு. வீட்டில் கரண்ட் ஏறி ஏறி இறங்குகிறது என்று சுவரைப் போட்டோ எடுத்துப் பார்த்தால் அதில் என்ன தெரியும்? வயர் அறுந்திருந்தால் தெரியும், வோல்டேஜ் தெரியாது. மைக்ரேன் உள்ளவர்களுக்கு ஸ்கேன் பெரும்பாலும் நார்மலாகத்தான் வரும். வேறு ஆபத்தான காரணம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான் டாக்டர்கள் அதை எடுக்கச் சொல்கிறார்கள். "ஸ்கேனில் ஒன்றுமில்லை" என்பது நல்ல செய்தி. அதை "உனக்கு ஒன்றுமில்லை" என்று திருப்பிச் சொல்வது பெரிய அநியாயம்.

இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியது நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில்தான். இன்றைக்கும் தலையில் ஒரு கோளாறு என்றால் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இரண்டு நாள் ரயிலேறி வந்து காட்பாடியில் இறங்குகிறார்கள். இந்த ஊர்ப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு வீட்டுக்குள் "நடிக்கிறாள்" என்று பேர் வாங்கிக் கொடுக்கிறோம். எனக்கு இதில் ஆற்றாமை உண்டு, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

மைக்ரேனை எப்படித்தான் கண்டுபிடிப்பது? கேட்டுத்தான். நோயாளி சொல்கிற கதைதான் பரிசோதனை. மருந்து எடுக்காவிட்டால் ஒரு தடவை வந்த வலி 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நிற்கும். ஒரு பக்கமாக வலிப்பது, நாடி துடிப்பதுபோலத் தெறிப்பது, வேலையைக் கெடுக்கிற அளவுக்குக் கடுமையாக இருப்பது, மாடிப்படி ஏறினாலோ குனிந்தாலோ கூடுவது, இந்த நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். அதோடு குமட்டல் அல்லது வாந்தி இருக்க வேண்டும். இல்லையென்றால் வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியாமல் போக வேண்டும். இப்படி ஐந்து தடவையாவது வந்திருந்து, வேறு காரணம் எதுவும் தெரியாவிட்டால் அது மைக்ரேன். "ஒற்றை" என்ற பேரை வைத்து ஏமாந்துவிடக்கூடாது. பலருக்கு இரண்டு பக்கமும் வலிக்கும், சிலருக்குப் பிடரியில் தொடங்கும்.

ஏழு பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது என்று உலக அளவில் கணக்கு. ஆண்களைவிடப் பெண்களுக்கு மூன்று மடங்கு. வயதுக்கு வருகிற பருவத்தில் தொடங்கி, முப்பது நாற்பதுகளில் உச்சத்தில் இருந்து, மாதவிடாய் நின்ற பிறகு பலருக்குத் தணியும். அக்காவின் வயதைப் பாருங்கள், சரியாக நடுவில் நிற்கிறார்.

உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் அது தெரிந்தால் பாதிப் பழி விலகிவிடும்.

குடியாத்தத்தில் என் சித்தி வீட்டுக்குப் பக்கத்தில் தறி ஓடும். வெளியூரிலிருந்து போகிறவர்களுக்கு முதல் பத்து நிமிடம் அந்தச் சத்தம் காதைப் பிளக்கும். அப்புறம் பழகிவிடும், சத்தம் இருக்கிறதே தெரியாது. மூளை அதை ஒதுக்கி வைத்துவிடுகிறது. மைக்ரேன் உள்ள மூளை இப்படி ஒதுக்கி வைப்பதில் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருக்கிறது என்று ஆய்வுகளில் தெரிய வந்திருக்கிறது. ஒளி, ஒலி, வாசனை, பசி, தூக்கம், உடம்பின் ஹார்மோன், எதில் மாற்றம் வந்தாலும் இந்த மூளை அதை முழுசாக வாங்கிக்கொள்கிறது. இது பெரும்பாலும் பிறவியில் வருகிற சுபாவம், குடும்பத்தில் ஓடுவது. அக்காவுக்கு இருந்தால் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ பாட்டிக்கோ இருந்ததா என்று விசாரித்துப் பாருங்கள். "பித்தத் தலைவலி" என்ற பேரில் இருந்திருக்கும்.

வலி வருவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸ் என்ற பகுதியில் மாற்றம் தொடங்கிவிடுகிறது. பசி, தூக்கம், தாகம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற இடம் அது. அதனால்தான் வலிக்கு முன்பு காரணமில்லாமல் கொட்டாவி வரும், கழுத்து இறுகும், எரிச்சல் வரும், இனிப்பு வேண்டும்போல இருக்கும். என் அம்மா திடீரென்று "ஒரு ஜிலேபி இருந்தா தேவலாம்" என்றால் மறுநாள் படுக்கைதான் என்று நாங்கள் பிள்ளைகளே கண்டுபிடித்து வைத்திருந்தோம். ஜிலேபி சாப்பிட்டதால்தான் வலி வந்தது என்று அம்மா கடைசிவரை நம்பினார். உண்மையில் வலி ஏற்கெனவே கிளம்பிவிட்டிருந்தது, ஜிலேபி ஆசை அதன் முதல் அடையாளம்.

பிறகு மூளையைச் சுற்றியுள்ள உறையில் படர்ந்திருக்கும் டிரைஜெமினல் நரம்பு தூண்டப்படுகிறது. மூளைக்குத் தனக்கென்று வலி தெரியாது, அதன் உறைக்கும் அங்குள்ள ரத்தக்குழாய்களுக்கும் தெரியும். அந்த நரம்பு முனைகள் சி.ஜி.ஆர்.பி. என்ற பொருளைச் சுரக்கின்றன. அது ரத்தக்குழாய்களை விரித்து, நரம்பை இன்னும் உசுப்பிவிடுகிறது. இந்த வழியைக் கண்டுபிடித்ததற்காக லார்ஸ் எட்வின்சன், பீட்டர் கோட்ஸ்பி, மைக்கேல் மாஸ்கோவிட்ஸ், யெஸ் ஓலெசன் ஆகிய நான்கு பேருக்கு 2021-இல் பிரெய்ன் பிரைஸ் என்ற உயர்ந்த விருது கிடைத்தது. மனப்பிரமைக்கு யாரும் அப்படி ஒரு விருது கொடுக்க மாட்டார்கள்.

அதே டிரைஜெமினல் நரம்புதான் நெற்றி, கண், கன்னம், மூக்கு எல்லாவற்றுக்கும் போகிறது. அதனால் வலி வரும்போது கண்ணில் நீர் வரலாம், மூக்கு அடைக்கலாம், கன்னம் கனக்கலாம். உடனே "சைனஸ்" என்று முத்திரை விழுந்துவிடுகிறது. உண்மையான சைனஸ் தொற்று என்றால் மூக்கிலிருந்து கெட்டியாக மஞ்சளாகவோ பச்சையாகவோ சளி வரும், காய்ச்சல் இருக்கலாம். வருடக்கணக்கில் வந்து வந்து போகிற, வாந்தியோடு கூடிய "சைனஸ் தலைவலி" பெரும்பாலும் மைக்ரேன்தான். எனக்கும் மூன்று வருடம் சைனஸ் மாத்திரைதான் கொடுத்தார்கள். எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை.

பித்தம் என்று சொல்வதும் இப்படித்தான். மைக்ரேன் வந்ததும் பலருக்கு இரைப்பையின் வேலை மந்தமாகிவிடுகிறது, உள்ளே போனது சீக்கிரம் கீழே இறங்காது. அதனால் குமட்டல், வெறும் வயிற்றில் மஞ்சளாக வாந்தி. வாந்தி எடுத்த பிறகு சிலருக்கு வலி குறைவதால், பித்தம் வெளியேறியது, தலைவலி போயிற்று என்று நம்புகிறோம். கோளாறு தொடங்கிய இடம் தலை, வயிற்றில் நாம் பார்ப்பது அதன் விளைவு.

இரைப்பை மந்தமாவதை அக்கா நினைவில் வைத்துக்கொண்டால் இன்னொன்றும் புரியும். வலி உச்சத்துக்குப் போன பிறகு மாத்திரை போட்டால் ஏன் கேட்பதில்லை? மாத்திரை இரைப்பையிலேயே கிடக்கிறது. சீக்கிரம் போட வேண்டும் என்று சொல்வதற்கும், வாந்தியை நிறுத்துகிற மருந்தை டாக்டர்கள் சேர்த்து எழுதுவதற்கும் அதுவும் ஒரு காரணம்.

நான்கில் ஒருவருக்கு, கொஞ்சம் கூடவும் இருக்கலாம், வலிக்கு முன்பு கண்ணில் ஒரு காட்சி வரும். ஆரா என்பார்கள். எனக்கு வரும். முதல் தடவை கடையில் வந்தபோது பயந்துவிட்டேன். கையில் இருந்த மருந்துச்சீட்டில் நடுவே நான்கு எழுத்து காணவில்லை. கண்ணைக் கசக்கினேன். காணாமல் போன இடத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளிக்கோடு வளைந்து வளைந்து மினுக்கியது. பத்து நிமிடத்தில் அது பெரிதாகிப் பெரிதாகிப் பிறைபோல விரிந்தது, விளிம்பு முழுக்கப் பல்பல்லாக, நம் வேலூர்க் கோட்டை மதிலை மேலிருந்து பார்த்தால் கொத்தளம் கொத்தளமாக எப்படி வெளியே நீட்டி உள்ளே மடங்குமோ அப்படி. அரைமணியில் ஓரமாக நகர்ந்து மறைந்தது. அப்புறம் வலி.

ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன், மருத்துவத்தில் இதற்குப் பேரே கோட்டைக் காட்சிதான். ஹூபர்ட் ஏரி என்ற ஆங்கிலேய மருத்துவர் தனக்கு வந்த காட்சியைத் தானே படமாக வரைந்து 1870-இல் வெளியிட்டார். மதிலைக் குறிக்கிற கிரேக்கச் சொல்லை வைத்து அதற்குப் பேர் சூட்டினார். காரணத்துக்கான தடயம் 1944-இல் கிடைத்தது. பிரேசில் நாட்டு அரிஸ்டைட்ஸ் லியாவ் என்பவர் முயல் மூளையில் மின்செயல் அடங்கிப்போகிற ஒரு அலை மெதுவாக நகர்வதைக் கண்டார். நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகம். பார்வையைக் கவனிக்கிற பகுதியின் மேல் அந்த அலை ஊர்கிற வேகத்தில்தான் கண்ணில் அந்தக் கோட்டை வளர்கிறது. என் கண்ணுக்குள் மினுக்கியதை முயல் மூளையில் ஒருவர் அளந்திருக்கிறார் என்று படித்த அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆரா 5 நிமிடத்திலிருந்து 1 மணி நேரம் வரை இருக்கும், மெதுவாக வளரும். பக்கவாதம் சட்டென்று வரும். முதல்முறை வருகிறபோது இந்த வித்தியாசத்தை நாமே முடிவு செய்யக்கூடாது, டாக்டரிடம் போய்விட வேண்டும். இன்னொன்று, ஆரா வருகிற பெண்கள் ஈஸ்ட்ரோஜென் என்ற பெண் ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை எடுக்கக்கூடாது, பக்கவாத ஆபத்து கூடும். அக்காவுக்கு இப்படி ஏதாவது கண்ணில் தெரிகிறதா என்று கேளுங்கள். தெரிந்தால் பெண்கள் நல டாக்டரிடமும் சொல்லச் சொல்லுங்கள்.

வலி நின்ற பிறகும் ஒரு நாள் உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கும். புத்தி மந்தமாக இருக்கும், தலையைச் சீவினால் மயிர்க்கால் நோகும். "வலிதான் நின்னுடுச்சே, எழுந்து சோறு வடி" என்பது அந்த நாளில்தான் வரும்.

இனி எதனால் தூண்டப்படுகிறது என்பது. புத்தகத்தில் சிவப்பு ஒயினும் சீஸும் எழுதியிருக்கும், அது நம் வீட்டில் யார் சாப்பிடுகிறார்கள்? நம் பக்கத்தில் நான் பார்த்தவரை முதல் இடம் பசிக்கு. ஷூ கம்பெனி பஸ் காலை ஆறரை ஏழுக்கே வந்துவிடும். சமைத்து வைத்துவிட்டு, பிள்ளைக்குத் தலை பின்னிவிட்டு, தான் ஒரு டம்ளர் டீயோடு ஓடுகிற பெண்கள் எத்தனை பேர். அக்காவும் அப்படித்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். அவருக்கு இரண்டு இட்லியைத் தூக்குவாளியில் போட்டு பஸ்ஸில் சாப்பிடச் சொன்னால் அதுவே ஒரு மருந்து. ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரிக்கும் வள்ளிமலைக்கும் வெறும் வயிற்றோடு வெயிலில் காவடி எடுத்துப் போய் வந்தவர்கள் மறுநாள் என் கடைக்கு வருவார்கள். ரமலான் முதல் வாரத்தில் மேல்விஷாரத்திலிருந்து வருவார்கள். அதில் பசியோடு, வழக்கமான டீ நின்றுபோனதும் சேர்ந்துகொள்கிறது. விரதமும் நோன்பும் விடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. முன்கூட்டியே டாக்டரிடம் பேசினால் அதற்கேற்ற மருந்தும் நேரமும் அமைத்துக் கொடுப்பார்கள். டீயை நோன்புக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ளலாம், விடியலுக்கு முன்பு சாப்பிடுகிற சஹர் உணவைத் தவறவிடாமல் இருக்கலாம்.

அடுத்தது தலைக்குக் குளிப்பது. இதைச் சொன்னால் சிரிப்பார்கள். மும்பையைச் சேர்ந்த தலைவலி மருத்துவர் ரவிசங்கர் 94 இந்திய நோயாளிகளைக் கவனித்து, தலைக்குக் குளிப்பது மைக்ரேனைத் தூண்டுகிறது என்று 2006-இல் எழுதினார். நீளமான அடர்ந்த கூந்தல், வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிப்பது, ஈரத்தோடு முடிந்து கொண்டை போடுவது, எல்லாம் நம் பெண்களின் வழக்கம். வெள்ளைக்காரர்கள் எழுதிய புத்தகத்தில் இது இருக்காது. வெள்ளிக்கிழமை சாயங்காலமே அக்காவுக்கு வலி வருகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் குளித்ததும் முடியை நன்றாக உலர்த்திவிட்டுக் கட்டுவது, வேலை நாளில் தலைக்குக் குளிக்காமல் இருப்பது என்று மாற்றிப் பார்க்கலாம்.

வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர், சுற்றிலும் மொட்டைப் பாறை மலை. சூட்டைவிடக் கண்கூச்சம்தான் இந்தத் தலைகளுக்கு எமன். பஸ் ஜன்னலில் மின்னி மின்னி அடிக்கிற வெயில், தகரக் கூரையில் தெறிக்கிற வெளிச்சம். குடையும் தண்ணீர்ப் பாட்டிலும் ஆடம்பரம் இல்லை. கம்பெனியில் பசை ஒட்டுகிற மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். அந்த நெடி பலருக்கு ஆகாது. இடம் மாற்றிக் கேட்பதற்கு டாக்டரின் கடிதம் உதவும்.

மாதவிடாய்க்கு இரண்டு நாள் முன்பு ஈஸ்ட்ரோஜென் சரிகிறபோது வருவது, தூக்கம் குறைந்தால் வருவது, ஞாயிற்றுக்கிழமை கூடுதலாகத் தூங்கினாலும் வருவது, டென்ஷன் முடிந்து உடம்பு தளர்கிற அன்றைக்கு வருவது, இதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு காரணத்தைத் தேடி அதைத் தின்னாதே இதைத் தொடாதே என்று வீட்டில் ஆளாளுக்கு ஆரம்பித்துவிடக்கூடாது. இரண்டு மூன்று சேரும்போதுதான் பெரும்பாலும் எல்லை தாண்டுகிறது. எதுவுமே இல்லாமலும் வரும், அதற்கு அக்கா பொறுப்பில்லை.

சரி, இப்போது நான் முன்பே சொன்ன பகுதிக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு அம்மா தினமும் கடை திறந்ததும் வருவார். புடவை முந்தானையில் முடிந்து வைத்த சில்லறையை அவிழ்த்துக் கொடுத்து, "ரெண்டு மாத்திரை குடும்மா" என்பார். வலி மருந்தும் காபியில் இருக்கிற கஃபீனும் சேர்ந்த மாத்திரை. அட்டையிலிருந்து கத்தரித்துக் கொடுப்பேன். ஒன்றை அங்கேயே போட்டுக்கொண்டு, இன்னொன்றைப் பர்ஸில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போவார். ஒரு நாள் நான் கேட்டேன், "தினமும் வலிக்குதாம்மா?" அவர் சொன்னார், "வலிக்கல, வலிச்சிடுமோன்னு போட்டுக்கறேன்." அந்த மாதம் எண்ணிப் பார்த்தேன். 26 நாள். அந்த 26 நாளும் வெட்டிக் கொடுத்தது என் கைதான்.

மாத்திரையே தலைவலியாக மாறுகிற நிலை இது. சாதாரண வலி மாத்திரைகளான பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் போன்றவற்றை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கலப்பு மாத்திரைகளையோ மைக்ரேனுக்கென்று எழுதிக் கொடுக்கிற டிரிப்டான், எர்கோட்டமின் வகைகளையோ 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டே இருந்தால், ஏற்கெனவே மைக்ரேன் உள்ள தலை இன்னும் சுலபமாக வலிக்கிற தலையாகிவிடும். மாத்திரையின் வேகம் இறங்கியதும் வலி எழும். வலி எழுந்ததால் மாத்திரை. மாதம் ஐந்து நாள் வந்தது பதினைந்து நாளாகி, அப்புறம் தினமும் ஆகிவிடும். எத்தனை மாத்திரை என்பதைவிட எத்தனை நாள் என்பதுதான் இதில் கணக்கு.

உங்கள் அக்கா கதையில் "இந்த ஒரு வருடமாகத் தினமும்" என்று படித்ததும் எனக்கு இதுதான் தோன்றியது. அவருடைய பையில், தலையணைக்கடியில், கம்பெனி லாக்கரில் என்ன மாத்திரை இருக்கிறது என்று கோபப்படாமல் கேட்டுப் பாருங்கள். அவர் செய்தது தப்பு இல்லை. வலியோடு மெஷினில் உட்கார வேண்டியிருக்கிறது, யாரும் இதைச் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.

அப்படித்தான் என்றால் டாக்டர் மேற்பார்வையில் அந்த மாத்திரையை நிறுத்த வேண்டும். முதல் சில நாட்கள், இரண்டிலிருந்து பத்து நாள் வரை, வலி முன்பைவிட மோசமாகும், வாந்தியும் தூக்கமின்மையும் இருக்கும். இதை முன்பே சொல்லிவைக்காததால்தான் பலர் நான்காவது நாளே பழையபடி கடைக்கு வந்துவிடுகிறார்கள். அந்த நாட்களுக்கு வேறு மருந்து கொடுத்துத் தாங்க வைப்பார்கள். அந்த ஒரு வாரம் வீட்டு வேலையை யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மாதத்தில் பெரும்பாலானவர்களுக்குத் தினசரி வலி விலகி, பழைய அளவுக்கு வந்துவிடும். அந்த அம்மாவுக்கும் வந்தது. இப்போது கடைக்கு வந்தால் கத்தரிக்காய் கொண்டுவந்து கொடுப்பார், இலவம்பாடி முள்ளுக் கத்தரி.

மாத்திரையே கூடாது என்று அர்த்தம் இல்லை. வருகிறபோது சரியான மருந்தைச் சரியான அளவில், வலி லேசாக இருக்கும்போதே, ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம் என்பது நல்ல எல்லை. பயந்துகொண்டு பாதி மாத்திரை போட்டு, இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு பாதி போடுவதில் பயனில்லை. சாதாரண மாத்திரை கேட்காதவர்களுக்கு 1991-இல் வந்த சுமாட்ரிப்டான் முதலான டிரிப்டான்கள் இருக்கின்றன. மைக்ரேனுக்கென்றே செய்த மருந்துகள். ஆனால் இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்களுக்கும், கட்டுக்குள் இல்லாத ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கும் ஆகாது. அதனால் சீட்டில்லாமல் கேட்காதீர்கள், நானும் கொடுக்க மாட்டேன்.

மாதத்துக்கு நான்கு நாளுக்கு மேல் வலி இருந்தால் தடுப்பு மருந்து பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும். இது வலிக்கும் அன்றைக்கு மட்டும் போடுகிற மருந்து இல்லை, தினமும் போட வேண்டும். இதில்தான் குழப்பம் வரும். ப்ரோப்ரனலால் இதயத்துக்கும் ரத்தக்கொதிப்புக்கும் உள்ள மாத்திரை. நெஞ்சுவலிக்காரர்களுக்குக் கொடுத்தபோது மைக்ரேனும் குறைந்ததை 1966-இல் கவனித்தார்கள். ஆஸ்துமா இருந்தால் ஆகாது. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கான மருந்து, மைக்ரேனுக்கு அதைவிட மிகக் குறைந்த அளவில் கொடுப்பார்கள். ஒரு பெண் அந்த அட்டையைப் போனில் தேடிப் பார்த்துவிட்டு வந்து, "எனக்குப் பைத்தியம்னு எழுதிக் கொடுத்துட்டாங்களா?" என்று கவுன்டரிலேயே கண் கலங்கினார். ஒரே மருந்து இரண்டு இடத்தில் வேலை செய்யும், அவ்வளவுதான். டோபிராமேட் வலிப்புக்கான மருந்து, இதில் விரல்நுனி மதமதக்கும். ஃப்ளுனாரிசின் தூக்கத்தையும் எடையையும் கூட்டும், சிலருக்கு மனதைச் சோர வைக்கும். குழந்தை பெறத் திட்டம் இருந்தால் டாக்டரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்ல வேண்டும். டோபிராமேட், இன்னொரு வலிப்பு மருந்தான வால்ப்ரோயேட் இரண்டும் கருவுக்குக் கெடுதல்.

இந்த மருந்துகள் பலன் காட்ட ஆறிலிருந்து எட்டு வாரம் பிடிக்கும். பத்து நாளில் "கேட்கவில்லை" என்று நிறுத்திவிடாதீர்கள். பலன் என்றால் அடியோடு போய்விடும் என்றும் எண்ண வேண்டாம், வலி நாட்கள் பாதியானாலே அது வெற்றி. சரியாகுமா என்று கேட்டீர்கள். அடக்கி வைக்கலாம், நன்றாகவே. எனக்கு மாதம் எட்டு நாள் இருந்தது இப்போது இரண்டு மாதத்துக்கு ஒன்று. சி.ஜி.ஆர்.பி-யைத் தடுக்கிற ஊசிகளுக்கு அமெரிக்காவில் 2018-இல் அனுமதி கிடைத்தது. நல்ல மருந்து, ஆனால் நம்மைப் போன்றவர்களுக்கு விலை இன்னும் எட்டாது. அது இல்லாமலே பெரும்பாலானவர்களைத் தேற்றலாம்.

தைலம், சுக்குப் பற்று, நெற்றியில் துணி இறுக்கிக் கட்டுவது, ஈரத்துணி, ஐஸ் ஒத்தடம், இதெல்லாம் இதம் தந்தால் செய்யட்டும். தைல நெடியே சிலருக்கு வாந்தியைக் கூட்டும், அவர்களுக்கு வேண்டாம்.

இனி சொல்வது அவசரத்துக்கு. இடி விழுந்த மாதிரி ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகிற தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், வலிப்பு, அடிபட்ட பிறகு வரும் வலி, 50 வயதுக்கு மேல் முதல்முறையாக வருவது, கர்ப்பத்திலோ பிரசவத்துக்குப் பின்னோ புதிதாக வருவது, இருமினால் குனிந்தால் மட்டும் வந்து நாளுக்கு நாள் கூடுவது. இதில் எது வந்தாலும் மைக்ரேன்தானே என்று படுத்துக்கொள்ளாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மற்றபடி அவசரமில்லாமல் ஒரு பொது மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ போங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. போவதற்கு முன்பு ஒரு மாதம் இதைச் செய்யுங்கள். வீட்டில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரில் வலி வந்த நாளுக்கு ஒரு வட்டம், படுக்கையில் போட்ட வலி என்றால் இரண்டு வட்டம். மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு பெருக்கல் குறி, மாதவிடாய்க்கு ஒரு கோடு. காலைச் சாப்பாடு விட்டுப்போன நாளுக்கு ஒரு புள்ளி. அந்தக் காலண்டர்த் தாளைக் கிழித்து, சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளோடும் சேர்த்துக் கையில் கொடுத்தால், ஸ்கேன் சொல்லாததை அது டாக்டருக்குச் சொல்லும். மாமியாரையும் கூட அழைத்துப் போங்கள், அவர் காதால் கேட்கட்டும்.

அதுவரை அடுத்த தடவை வலி வந்தால், அறை ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டு, டிவி சத்தத்தைக் குறைத்து, பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீரும் வாந்திக்கு ஒரு பாத்திரமும் வையுங்கள். "இப்ப எப்படி இருக்கு?" என்று அரைமணிக்கொரு தடவை கேட்க வேண்டாம், பதில் சொல்வதே வலிக்கும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வாருங்கள்.